கால வெச்ச எடத்துல வெக்க முடியல, டாக்டரம்மா!

போன மாசம் தூக்கம் வராதது பத்தி எழுதினப்ப, ராத்திரி கால் குடைச்சலால தூங்காம கெடக்கறவங்களும் உண்டுன்னு ஒரே ஒரு வரி தான் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு தான் இத்தனை கடிதமும் வந்திருக்கு, அதுலயும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், மஞ்சூர்னு நம்ம மலைக்காரங்க தான் அதிகம். அதனால இந்த மாசம் வேற கேள்வி எதையும் எடுக்கல, முழுக்க இதுக்கே.

கேள்வி: எனக்கு 38 வயசுங்க, கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறேன். பகல் பூரா மேடு பள்ளம் ஏறி எறங்கறேன், கால் ஒண்ணும் பண்றதில்ல. ராத்திரி பாத்திரம் கழுவி வெச்சுட்டு 9 மணிக்கு படுத்தா ஆரம்பிச்சுடுது. வலின்னு சொல்ல முடியல, ரெண்டு கெண்டைக்கால்லயும் உள்ளுக்குள்ள, எலும்பு கிட்ட, என்னமோ ஊர்ற மாதிரி நமநமன்னு இருக்கு, கால ஒதறணும் மடக்கணும் நீட்டணும்னு இருக்கு. எந்திரிச்சு நடந்தா நின்னுடுது, படுத்தா திரும்ப வருது. கம்பளிய போர்த்திக்கிட்டு 1 மணி வரைக்கும் வீட்டுக்குள்ளயே நடக்கறேன். மாமியார் "கால ஆட்டாத, குடும்பத்துக்கு ஆகாது"ன்னு திட்றாங்க, வீட்டுக்காரர் மனசுல எதையோ வெச்சுக்கிட்டு தான் இப்படி பண்றேங்கறார். மாசாமாசம் தீட்டு 7 நாள் அதிகமா போகுது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா? இல்ல நரம்புத் தளர்ச்சியா?

பதில்: சகோதரி, மொதல்ல ஒண்ண சொல்லிடறேன், இது மனசுல வெச்சுக்கிட்டு பண்றதும் இல்ல, நடிப்பும் இல்ல. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்னு இதுக்கு பேர் இருக்கு. 1672லயே தாமஸ் வில்லிஸ்ங்கற இங்கிலாந்து டாக்டர், படுத்த ஒடனே கை கால் துடிச்சு, சித்திரவதை பண்ற எடத்துல மாட்டின மாதிரி தூங்க முடியாம தவிச்சவங்கள பத்தி எழுதி வெச்சிருக்கார். இப்ப இருக்கற பேர வெச்சது 1945ல, ஸ்வீடன் நாட்டு நரம்பு டாக்டர் எக்போம். நம்ம வீடுகள்ல பாட்டிமாருங்க கால் குடைச்சல், கால் ஒளைச்சல்னு சொல்லிக்கிட்டே தான் இருந்தாங்க, ஆனா பேர் வெச்சோமே தவிர இத ஒரு நோயா யாரும் எடுத்துக்கல, அது எனக்கு இன்னிக்கும் ஆறல.

ஏன்னா எங்க அம்மாவும் கொழுந்து பறிச்சவங்க தான். எஸ்டேட் லைன் வீட்ல ராத்திரி பழைய சேலைய நீளமா கிழிச்சு ரெண்டு கெண்டைக்கால்லயும் இறுக்கி கட்டிக்கிட்டு, குப்புற படுத்துக்கிட்டு, "சாமி, வந்து கால மிதிச்சு விடு"ன்னு கூப்பிடுவாங்க. நான் செவுத்த புடிச்சுக்கிட்டு கால் மேல ஏறி நிப்பேன், அம்மாவோட மூச்சே மாறும், நான் எறங்கின அஞ்சாவது நிமிஷம் கம்பளிக்குள்ள கால் பாய்ல ஒரசற சத்தம் திரும்ப கேக்கும். காலையில பாத்தா கட்டு போட்ட எடம் செவசெவன்னு வரி வரியா இருக்கும், அதோட கூடைய மாட்டிக்கிட்டு வேலைக்கு போவாங்க. டாக்டருக்கு படிக்கறப்ப தான் எனக்கு அது என்னன்னு புரிஞ்சுது. உங்க கடிதத்த படிச்சப்ப அந்த ஒரசற சத்தம் தான் காதுல கேட்டுச்சு.

இத கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் கெடையாது, கேட்டு தெரிஞ்சுக்கறது தான், நீங்க எழுதினதுலயே எல்லாம் இருக்கு. கால அசைச்சே ஆகணும்னு ஒரு உந்துதல் வரணும், பெரும்பாலும் கூடவே அந்த ஊர்ற மாதிரி அவஸ்தையும் இருக்கும். சும்மா உக்காந்தாலோ படுத்தாலோ தான் வரணும் இல்ல அதிகமாகணும். நடந்தா, நீட்டினா, நடக்கற வரைக்குமாவது கொறையணும். சாயங்காலத்துக்கு மேல, ராத்திரியில தான் மோசமாகணும். இந்த நாலும் இருந்து, அதுக்கு வேற காரணம் இல்லன்னு டாக்டர் பாத்து சொல்லிட்டா இது தான். சுளுக்கு புடிக்கறது வேற, அதுல சதை கல்லு மாதிரி கெட்டியாகி உருண்டு நிக்கும், தொட்டாலே தெரியும், இதுல தொட்டுப் பாத்தா ஒண்ணுமே இருக்காது. அதனால தான் பக்கத்துல இருக்கறவங்க நம்ப மாட்டேங்கறாங்க.

தீட்டு பத்தி கேட்டீங்களே, அது தான் இந்த கடிதத்துலயே முக்கியமான வரி. மூளையில இரும்புச்சத்து கொறைஞ்சா, ஒடம்பு அசைவ பாத்துக்கற டோபமின்ங்கற ரசாயனம் ஒழுங்கா வேலை செய்யாது, இந்த நோய்ல அடியில நடக்கறது பெரும்பாலும் அது தான்னு ஆராய்ச்சிங்க சொல்லுது. நிறைய பேர் "ரத்தம் 12 இருக்கு, எனக்கு இரும்பு கொறைச்சல் இல்ல"ம்பாங்க. ஹீமோகுளோபின்ங்கறது பானையில வெந்துக்கிட்டு இருக்கற அரிசி, ஃபெரிட்டின்ங்கறது மூட்டையில சேமிப்பா இருக்கற அரிசி. மூட்டை காலியானாலும் அன்னிக்கு சோறு வெந்துடும், ரத்தம் நார்மல்னு ரிப்போர்ட் வரும், ஆனா கால் ராத்திரி குடையும். அதனால "சீரம் ஃபெரிட்டின்"னு கேட்டு எடுங்க, கூடவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல இரும்ப சுமக்கற புரதத்துல எத்தன சதவீதம் இரும்பு ஏறியிருக்குங்கற கணக்கு. காலையில வெறும் வயித்துல எடுக்கறது நல்லது, காய்ச்சல் சளி இருக்கறப்ப எடுக்காதீங்க, அப்ப ஃபெரிட்டின் பொய்யா ஒசந்து காட்டும்.

இன்னொண்ணையும் கவனிங்க, லேப் பேப்பர்ல பொம்பளைங்களுக்கு ஃபெரிட்டின் 15 இருந்தாலே நார்மல்னு அச்சடிச்சு வரலாம். இந்த கால் நோய் இருக்கறவங்களுக்கு அந்த அளவு பத்தாது, 75 இல்ல அதுக்கு கீழ இருந்தாலோ, சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்கு கீழ இருந்தாலோ இரும்பு குடுக்கறத பத்தி டாக்டர் யோசிக்கணும். மாத்திரைய தெனமும் ஒரு வேளையோ, ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, அரை மூடி எலுமிச்சம்பழ சாறோட வெறும் வயித்துல சாப்பிடறது. வெளிக்கி கறுப்பா போகும், பயப்படாதீங்க. ரெண்டு நாள்ல கேக்காது, ரெண்டு மூணு மாசம் ஆகும், மூணு மாசம் கழிச்சு திரும்ப ரத்தம் பாக்கணும். மாத்திரை ஒத்துக்கலன்னா நரம்பு வழியா ஊசியா ஏத்தற இரும்பும் இருக்கு, அது ஆஸ்பத்திரியில வெச்சு தான். டெஸ்ட் பண்ணாம கடையில வாங்கி இஷ்டத்துக்கு சாப்பிடாதீங்க, இரும்பு கூடினாலும் கெடுதல், வீட்ல சின்ன பிள்ளைங்க கைக்கு அந்த டப்பா எட்டவே கூடாது.

தீட்டு ஏன் அதிகமா போகுதுன்னும் பாத்தாகணும், கர்ப்பப்பையில கட்டியா தைராய்டான்னு, இல்லன்னா ஓட்டை குடத்துல தண்ணி ஊத்தின கதை தான். ஈர மண்ணுல வெறுங்கால்ல நடந்து வேலை செஞ்ச காலத்துல கொக்கிப்புழு கால் வழியா ஏறி குடல்ல ஒக்காந்து ரத்தத்த குடிக்கும், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க, பூச்சி மாத்திரை ஒண்ணு தான் வேணும்னா அது லேசான வேலை.

இப்ப நம்ம மலையில யாரும் கேக்க விரும்பாத ஒண்ணு. டீ. நாம பறிக்கற எல, நாம குடிக்கற டீ, அத விடச் சொல்ல எனக்கு வாய் வராது, விடவும் வேணாம். ஆனா சோறு தின்ன கையோட பால் டீயோ சாயத்தண்ணியோ குடிச்சா, அதுல இருக்கற துவர்ப்புச் சத்து கீரையில பயறுல இருக்கற இரும்ப குடல்லயே கட்டி வெச்சுடும், ஒடம்புல ஏறாது. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் டீ வேணாம். மாத்திரைக்கும் அதே கணக்கு. டீயில இருக்கற கஃபீன் சில பேருக்கு காலையும் கெடுக்கும் தூக்கத்தையும் கெடுக்கும், அதனால சாயங்காலம் 4 மணி டீ தான் அன்னிக்கு கடைசி டீன்னு ஒரு மாசம் இருந்து பாருங்க. சாப்பாட்டோட நெல்லிக்காயோ கொய்யாவோ ஒரு துண்டு சேந்தா இரும்பு நல்லா ஏறும். முட்டை, ஈரல், கருவாடு, மொச்சை, கீரை, முடிஞ்சத சாப்பிடுங்க, ஆனா மூட்டை காலியா கெடக்கறப்ப கீரையால மட்டும் ரொப்ப முடியாது.

இன்னிக்கு ராத்திரிக்கு என்ன பண்றதுன்னா, படுக்கறதுக்கு முன்னாடி கெண்டைக்கால செவுத்துல கைய ஊணி நல்லா இழுத்து விடுங்க, வெதுவெதுப்பான தண்ணியில கால வைங்க, தேய்ச்சு விடச் சொல்லுங்க. தேய்ச்சு விடறது உங்க வீட்டுக்காரரா இருந்தா ரொம்ப நல்லது, இந்த பதில அவர்கிட்ட படிச்சும் காட்டுங்க. எங்க அம்மா மாதிரி துணிய இறுக்கி மட்டும் கட்டாதீங்க.

கேள்வி: குன்னூர்ல கடை வெச்சிருக்கேன், வயசு 57, சர்க்கரை 12 வருஷமா இருக்கு. உள்ளங்கால் ரெண்டும் எரியுது, மதமதன்னு இருக்கு, பஞ்சு மேல நடக்கற மாதிரி. பகல்லயும் உண்டு, நடந்தாலும் போகல. இதுவும் அந்த கால் குடைச்சல் தானா? ராத்திரி தணல் சட்டிய ரூம்ல வெச்சு கால காட்டிக்கிட்டு தூங்கறேன்.

பதில்: அண்ணே, கடைசி வரிக்கு மொத பதில்: அந்த தணல் சட்டிய இன்னிக்கே வெளிய வைங்க. கதவு ஜன்னல் சாத்தின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கெடையாது, மூச்சு முட்டறது கூட தெரியாது, தூங்கறவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. நம்ம மலையில குளிருக்கு கரி அடுப்ப ரூமுக்குள்ள வெச்சு போய் சேந்தவங்க இருக்காங்க. அதுவும் போக, உங்க கால்ல மதமதப்பு இருக்கு, சூடு தெரியாது, வெந்து கொப்பளிச்ச பிறகு தான் தெரியும். சர்க்கரைக்காரங்க சுடுதண்ணியில கால வெக்கறதா இருந்தாலும் முழங்கையால தண்ணிய தொட்டு பாத்துட்டு தான் வெக்கணும்.

நீங்க சொல்றது சர்க்கரையால நரம்பு கெடறது மாதிரி தான் இருக்கு. எரியறது, மரத்துப் போறது, பகல்லயும் இருக்கறது, நடந்தாலும் போகாதது, இதெல்லாம் அந்த பக்கம் தான் காட்டுது. ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கறதும் உண்டு, அதனால டாக்டர் கால்ல தொடு உணர்ச்சி, அதிர்வு பாக்கணும், மூணு மாச சர்க்கரை டெஸ்ட்டும் வைட்டமின் பி12ம் பாக்கணும், ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டா பி12 கொறையலாம். தெனமும் ராத்திரி உள்ளங்கால கண்ணாடி வெச்சு பாருங்க.

கேள்வி: கூடலூர். இது எனக்கு ரெண்டாவது குழந்தைங்க, இப்ப வயித்துல 8 மாசம். ஒரு மாசமா ராத்திரி கால் ரெண்டும் சும்மா இருக்க விடல. மொத பிரசவத்துல இது இல்ல. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? இது வாழ்க்கை பூரா இருக்குமா?

பதில்: ஆகாதும்மா, கலங்காதீங்க. கர்ப்பமா இருக்கறவங்கள்ல சுமாரா அஞ்சுல ஒருத்தருக்கு இது வரும், கடைசி மூணு மாசத்துல தான் அதிகம், பெரும்பாலானவங்களுக்கு பிரசவம் ஆகி சில வாரத்துல போயிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்கற இரும்பு ஃபோலிக் மாத்திரைய சாப்பிடறீங்களா? குமட்டுதுன்னு பரண் மேல போட்டவங்கள எனக்கு நிறைய தெரியும், அதனால கேக்கறேன். கட்டன் சாயாவோட முழுங்காதீங்க, குமட்டினா படுக்கறப்ப சாப்பிடுங்க, நர்ஸம்மாகிட்ட சொல்லி ரத்தத்த ஒரு தடவை பாருங்க. தூக்க மாத்திரையோ கால் குடைச்சலுக்குன்னு வேற மாத்திரையோ யார் குடுத்தாலும் உங்க பிரசவ டாக்டர கேக்காம வாயில போடாதீங்க.

கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னொரு விஷயம் உண்டு. அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய், நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட 1952லயே பதிவு ஆனது. இருளர், குறும்பர், பணியர்னு இந்த மக்கள்ல யாருக்காவது ரத்தம் கொறைவுன்னா அது இரும்பு கொறைச்சல் மட்டும் தான்னு முடிவு கட்டிடாம அந்த ரத்தப் பரிசோதனையும் பண்ணி பாக்கணும். இந்த வரிய படிக்கற யாரும் பக்கத்து வீட்டுக்கு சொல்லுங்க.

கேள்வி: வயசு 64, அருவங்காட்டுல இருக்கேன். எனக்கு இந்த நோய்னு 4 வருஷம் முன்னாடியே சொல்லி பிரமிபெக்ஸோல்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. மொத ராத்திரியே அற்புதம், பல வருஷம் கழிச்சு தூங்கினேன். இப்ப சாயங்காலம் 4 மணிக்கே ஆரம்பிக்குது, கைக்கும் வந்துடுச்சு, மாத்திரைய ரெண்டு தடவை கூட்டியாச்சு, கூட்டினா கொஞ்ச நாள் சரி, திரும்ப அதே தான். நோய் முத்திடுச்சா?

பதில்: ஐயா, நோய் முத்தினதா இருக்கணும்னு இல்ல, மாத்திரையே நோய கெளப்பி விடுதோன்னு தான் எனக்கு சந்தேகம். ஆக்மென்டேஷன்னு இதுக்கு பேர். ராத்திரி 10க்கு வந்தது சாயங்காலம் 4க்கு வரும், உக்காந்த கொஞ்ச நேரத்துலயே வரும், கால்ல இருந்தது கைக்கு ஏறும், டோஸ் கூட்ட கூட்ட கொஞ்ச நாள் அடங்கி பிறகு இன்னும் மோசமாகும். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாதிரி டோபமின் மாத்திரைங்க எல்லாத்துலயும் இந்த ஆபத்து உண்டு. ஒரு காலத்துல மொத மருந்தே இது தான், இப்ப அந்த எண்ணம் மாறிப் போச்சு, 2025ல அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல்ல, வழக்கமா குடுக்கற மருந்தா இத வெச்சுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. நரம்பு வலிக்கும் குடுக்கற காபாபென்டின், பிரிகாபலின் வகைய தான் மொத எடத்துல வெக்கறாங்க, இரும்பு கொறைஞ்சா இரும்பு.

ஆனா நாளைக்கே மாத்திரைய நிறுத்திடாதீங்க, தயவு செஞ்சு. திடீர்னு நிறுத்தினா சில நாள் ராத்திரி பகல் தூக்கமே இல்லாம ரொம்ப கொடுமையா இருக்கும். நரம்பு டாக்டர்கிட்ட போய் "மொதல்ல எத்தன மணிக்கு வந்துச்சு, இப்ப எத்தன மணிக்கு வருது, எத்தன தடவை டோஸ் கூட்டினாங்க"ன்னு ஒரு தாள்ல எழுதி குடுங்க, அத பாத்தாலே அவருக்கு புரியும், கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு மாத்துவார். மாத்தற மருந்துலயும் தலைசுத்தல், தள்ளாட்டம் உண்டு, கிட்னி கோளாறு இருந்தா அளவு கொறைக்கணும், ராத்திரி பாத்ரூம் போறப்ப லைட்ட போட்டு செவுத்த புடிச்சு நடங்க.

வீட்ல இருக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும். இந்த டோபமின் மாத்திரையில சில பேருக்கு அடக்க முடியாத ஆசை வந்துடும், இதுவரைக்கும் தொடாதவர் லாட்டரி சீட்டா வாங்கி குவிப்பார், பணம் வெச்சு ரம்மி ஆடுவார், தேவையே இல்லாம சாமான் வாங்குவார். வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட சொல்ல மாட்டாங்க. அது அவங்க கொணம் கெட்டுப் போனது இல்ல, மருந்து பண்ற வேலை, சொன்னா மாத்திடலாம்.

கேள்வி: ஊட்டியிலேர்ந்து மாசம் ஒரு தடவை கோயம்புத்தூர் போகணும். எனக்கு கால் குடைச்சலும் இருக்கு, மலைப் பாதையில வாந்தியும் வரும். வாந்தி மாத்திரை போட்டுக்கிட்டு பஸ் ஏறினா பர்லியார் தாண்டறதுக்குள்ள கால் ரெண்டும் பைத்தியம் புடிக்க வெக்குது. சளி புடிச்சப்பவும் இப்படி தான் ஆகுது.

பதில்: நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க, ஆனா தெரியல. அந்த மாத்திரை தான். பிரயாண வாந்திக்கு குடுக்கற ப்ரோமெத்தசின், வாந்திக்கே குடுக்கற மெட்டோகுளோப்ரமைடு, சளி மாத்திரையில இருக்கற குளோர்ஃபெனிரமின் மாதிரி தூக்கம் வர்ற மருந்துங்க, இதெல்லாம் கால் குடைச்சல தூண்டி விடும். தூக்கம் வரும்னு நெனச்சு போடறோம், கால் தூங்க விடாது. மனசுக்கு குடுக்கற சில மாத்திரைங்க, அமிட்ரிப்டிலின், மிர்டசபின் மாதிரி, அதுவும் பண்ணும், ஆனா அத நீங்களா நிறுத்தக் கூடாது, எழுதின டாக்டர்கிட்ட சொல்லணும். மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கறப்பவே "எனக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் இருக்கு"ன்னு சொல்லிப் பழகுங்க, வாந்திக்கு ஒத்துக்கற வேற மாத்திரை எதுன்னு உங்க டாக்டர கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

பஸ்ல நடைபாதை பக்கம் சீட்டு புடிங்க, கால நீட்ட எடம் கெடைக்கும். கூடுமான வரைக்கும் காலை வண்டியில போங்க, சாயங்கால வண்டியில தான் கால் அதிகமா படுத்தும். குன்னூர்லயும் மேட்டுப்பாளையத்துலயும் வண்டி நிக்கறப்ப எறங்கி நடங்க. மலைப் பாதையில போன பாத்துக்கிட்டு வந்தா வாந்தி கூடும், அதனால பக்கத்துல இருக்கறவங்களோட பேசிக்கிட்டே வாங்க, மனசு ஒண்ணுல ஊனினா கால் கொஞ்சம் அடங்கும், இது நிறைய பேர் சொல்றது தான்.

கேள்வி: மஞ்சூர் பக்கம். என் வீட்டுக்காரம்மாவுக்கு கால் குடைச்சல் உண்டு, அது போக தூங்கின பிறகும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கால வெட்டி வெட்டி இழுக்கறா, என் மேல ஒதை விழுது. கேட்டா தெரியவே தெரியாதுங்கறா. 9 வயசு பையனும் ராத்திரி கால் வலிக்குதுங்கறான், வளர்ற வலின்னு சொல்லிட்டாங்க.

பதில்: தம்பி, அவங்களுக்கு நெசமாவே தெரியாது. தூக்கத்துல கால் கட்டை விரல் மேல தூக்கி, கணுக்கால் மடங்கி, முட்டி லேசா வெட்டும், ஒரு கணக்கா திரும்பத் திரும்ப வரும், கால் குடைச்சல் இருக்கறவங்கள்ல பத்துல எட்டு பேருக்கு இதுவும் இருக்கும். முழுசா முழிப்பு வராம தூக்கம் மட்டும் துண்டு துண்டாகும், காலையில எந்திரிக்கறப்ப அடிச்சுப் போட்ட மாதிரி இருப்பாங்க. இந்த நோய் குடும்பத்துல எறங்கறது சகஜம், அதனால பையன் விஷயத்துல வளர்ற வலின்னு விட்டுடாதீங்க. அவன் வார்த்தையிலயே கேளுங்க, எறும்பு ஊருதா, ஓடணும் போல இருக்கா, ஓடினா போகுதான்னு. நீங்க வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க. அவனுக்கும் ஃபெரிட்டின் பாக்கச் சொல்லி குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னிக்கு ராத்திரி அவங்க தூங்கின பிறகு கம்பளிய முட்டிக்கு மேல லேசா ஒதுக்கிட்டு, போன்ல ஒரு அஞ்சு நிமிஷம் வீடியோ எடுங்க, காலையில அவங்ககிட்ட காட்டி சம்மதம் கேட்டுட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டு போங்க. நீங்களும் கூட போங்க, ஏன்னா தூக்கத்துல நடக்கறத அவங்களால சொல்ல முடியாது, பாத்தவர் நீங்க ஒருத்தர் தான்.